உப்பைக் குறைப்போம், ருசியைக் குறைக்க வேண்டாம்: வீட்டிலேயே மீன் உருண்டை



கடற்கரையோரக் குழு ஒன்றின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு, செவிலியர் வந்து எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தார். ஒரு சகோதரிக்கு 160/100 என்று காட்டியது. கொஞ்ச நேரம் உட்கார வைத்து மறுபடியும் பார்த்தார்கள். ஏறக்குறைய அதே அளவுதான்.

"எனக்கா? எங்க வீட்டுக்காரருக்குத்தான் பி.பி. நான் நல்லாத்தானே இருக்கேன்!" என்று அவர் திகைத்துப் போனார்.

விசாரித்தோம். டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்காரருக்குத் தனிச் சட்டியில் உப்பில்லாமல் சமைக்கிறார். மற்றவர்களுக்குப் பழைய சட்டி, பழைய உப்பு. வீட்டுக்காரருக்கோ உப்பில்லாச் சோறு இறங்கவில்லை. யாரும் பார்க்காதபோது உப்பு ஜாடியில் கை வைக்கிறார். கடைசியில் சாப்பிட உட்காரும் இந்தச் சகோதரி மிச்சக் குழம்பையும், கருவாட்டையும், ஊறுகாயையும் வைத்துக்கொண்டு சாப்பாட்டை முடித்துக்கொள்கிறார். அவர் உடம்பைப் பற்றி அவரே யோசித்ததில்லை.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சொல்லுவாங்க. உப்பைக் குறைச்சா எங்க வீட்டுல யாரும் தொட மாட்டாங்கக்கா. அதுலயும் மீன் உருண்டைன்னா பிள்ளைங்களுக்கு உசிரு. அதையும் கெடுக்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார்.

கெடுக்க வேண்டாம் என்பதைக் காட்டத்தான் இந்தக் கட்டுரை. அந்தக் குழுவோடு சேர்ந்து உப்பு குறைந்த மீன் உருண்டையை மூன்று முறை செய்து பார்த்தோம். முதல் இரண்டு முறை சரியாக வரவில்லை. மூன்றாவது முறை வந்தது. ஏன் வரவில்லை, எப்படி வந்தது என்று சொல்லுகிறோம்.

உப்பா, சோடியமா?

உப்பு நமக்கு எதிரி இல்லை. 1930-ல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்தே வந்து உப்பு அள்ளிய மண் இது. தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலில் உழைக்கும் பெண்கள் நம் சகோதரிகள்தான். உடம்புக்கு உப்பு தேவை. அளவு மீறும்போதுதான் தொல்லை.

உப்பில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். இந்தச் சோடியம் இரத்தத்தில் கூடும்போது அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குழாயில் தண்ணீர் அதிகமானால் அழுத்தம் கூடுவது போல இரத்தக் குழாயிலும் அழுத்தம் கூடுகிறது. வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் இருதயம், மூளை, சிறுநீரகம் மூன்றும் பழுதாகும். பக்கவாதம் பலருக்கு இப்படித்தான் வருகிறது. அதுவரை பெரும்பாலும் வலியும் இருக்காது, மயக்கமும் இருக்காது. அதனால்தான் அந்தச் சகோதரி "நல்லாத்தானே இருக்கேன்" என்றார்.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது 2000 மில்லிகிராம் சோடியம். தலை தட்டிய ஒரு டீஸ்பூன் பொடி உப்பு சுமார் 6 கிராம் இருக்கும். ஆக, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. காலை, மதியம், இரவு, டீக்கடை வடை, ஊறுகாய் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

உருண்டையில் உப்பு செய்யும் மூன்று வேலைகள்

முதல் முறை செய்தபோது உப்பை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை வழக்கம் போலச் செய்தோம். மீனை வேகவைத்து உதிர்த்து, பச்சை வெங்காயம் போட்டு உருட்டி எண்ணெயில் போட்டோம். பாதி உருண்டை எண்ணெயிலேயே பிரிந்து போனது. மீதியைச் சாப்பிட்டவர்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

இரண்டாவது முறை, ருசி வரட்டும் என்று எலுமிச்சைச் சாற்றை மாவிலேயே பிழிந்தோம். ருசி வந்தது. உருண்டை புட்டு மாதிரி உதிர்ந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தோம். மீன் உருண்டையில் உப்பு மூன்று வேலை செய்கிறது. உப்பைக் குறைத்தால் அந்த மூன்று வேலைக்கும் வேறு ஆள் வைக்க வேண்டும்.

ஒன்று, ருசி. இதற்குப் புளிப்பு, காரம், வாசனை மூன்றும் இருக்கின்றன. மிளகு, இஞ்சி, பூண்டு, சோம்பு, கறிவேப்பிலை, கடைசியில் பிழியும் எலுமிச்சை. நாக்கு உப்பைத் தேடாமல் இருக்க இவை போதும்.

இரண்டு, ஒட்டும் தன்மை. பச்சை மீன் சதையில் ஒரு புரதம் இருக்கிறது. உப்பு சேர்த்துப் பிசைந்தால் அது கரைந்து பசை போல ஆகும். வேகும்போது இறுகி உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். மீனை முன்பே வேகவைத்துவிட்டால் அந்தப் பசை போய்விடும். புளிப்பு முன்பே பட்டாலும் போய்விடும். நாங்கள் செய்த இரண்டு தப்பும் இதுதான். உப்பு குறையும்போது பசையும் குறையும். அந்தக் குறையைப் பொட்டுக்கடலை மாவும் முட்டையும் ஈடுகட்டும். கோளா உருண்டைக்குப் பொட்டுக்கடலை மாவு போடும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்திலிருந்தே உண்டு.

மூன்று, கெடாமல் காப்பது. உப்பு குறைந்த பண்டம் சீக்கிரம் கெடும். இதற்கு வேறு வழி கிடையாது. நல்ல மீனாக வாங்க வேண்டும், ஐஸில் வைக்க வேண்டும், செய்ததை அன்றைக்கே சாப்பிட வேண்டும்.

தேவையானவை (24 உருண்டைக்கு)

- முள் நீக்கிய மீன் சதை: 400 கிராம்
- உரித்த இறால்: 100 கிராம்
- பொட்டுக்கடலை மாவு: 5 மேஜைக்கரண்டி
- முட்டை: 1
- சின்ன வெங்காயம்: ஒரு கைப்பிடி (100 கிராம்)
- துருவிய தேங்காய்: 3 மேஜைக்கரண்டி
- பச்சை மிளகாய்: 3
- இஞ்சி: ஒரு அங்குலத் துண்டு
- பூண்டு: 6 பல்
- மிளகு, சோம்பு: தலா 1 டீஸ்பூன் (வறுத்துப் பொடித்தது)
- மஞ்சள் தூள்: கால் டீஸ்பூன்
- கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை: தாராளமாக
- பொடி உப்பு: தலை தட்டிய கால் டீஸ்பூன். அதற்கு மேல் வேண்டாம்.
- எலுமிச்சம்பழம்: 1 (கடைசியில் பிழிய)
- எண்ணெய்: பணியாரக் குழியில் விட மட்டும்

சீலா, பாறை, கிழங்கான், கொடுவா போன்ற வெள்ளைச் சதை மீன் எதுவானாலும் சரி. அன்றைக்கு எது புதுசாகவும் மலிவாகவும் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். இறால் சேர்ப்பது வாசனைக்கும், கடித்தால் கொஞ்சம் துள்ளுவதற்கும். இறால் விலை கட்டுப்படியாகாவிட்டால் முழுவதும் மீனாகவே செய்யலாம்.

செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, அழுத்தினால் சதை குழி விழாமல் இருப்பது நல்ல மீன். கெட்ட வாடையை மறைக்க உப்பும் மசாலாவும் கொட்டுவதைவிட நல்ல மீனாக வாங்குவது மேல்.

செய்முறை

1. மீனை ஆய்ந்து மஞ்சள் தூள் போட்டுக் கழுவுங்கள். கல் உப்பு போட்டுத் தேய்க்கும் பழக்கம் இருந்தால், பிறகு இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி நன்றாக அலசுங்கள். தண்ணீரை ஒட்ட வடிய விடுங்கள். ஈரம் இருந்தால் உருண்டை பிடிக்காது.

2. நடுமுள்ளை ஒட்டி இரண்டு பாதியாக அரிந்து, தோல் கீழே இருக்கும்படி பலகையில் வையுங்கள். டீஸ்பூனால் ஒரே பக்கமாகச் சுரண்டுங்கள். சதை கரண்டியில் வரும், சிறு முள் பெரும்பாலும் தோலோடு தங்கிவிடும். பிறகு விரலால் தடவிப் பார்த்து மீதி முள்ளை எடுத்துவிடுங்கள். பிள்ளைகளும் வயதானவர்களும் சாப்பிடும் பண்டம், இந்த வேலையில் அவசரம் வேண்டாம். இறாலை உரித்து முதுகு நரம்பை எடுத்துவிடுங்கள்.

3. சதை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ஐஸ் போட்ட தட்டின் மேல் பாத்திரத்தை வைத்துக்கொள்ளலாம். மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு மூன்று சுற்று மட்டும் விடுங்கள். தொடர்ந்து ஓட விட்டால் சூடாகிப் பசை கெட்டுவிடும். அம்மி இருந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் சேர்க்கக் கூடாது.

4. அரைத்த சதையில் அந்தக் கால் டீஸ்பூன் உப்பை இப்போதே சேருங்கள். வேறு எதுவும் சேர்க்காமல் ஐந்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். கையில் பிசுபிசுவென்று ஒட்டும். கொஞ்ச உப்பாக இருந்தாலும் முதலில் மீனோடு சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். கடைசியில் போட்டால் வெங்காயமும் மாவும் அதை இழுத்துக்கொள்ளும்.

5. பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், தட்டிய இஞ்சி பூண்டு, கறிவேப்பிலையை ஒரு சொட்டு எண்ணெயில் ஈரம் போக வதக்கி, நன்றாக ஆற வையுங்கள். பச்சையாகப் போட்டால் தண்ணீர் விடும். சூடாகப் போட்டால் மீன் அரைவேக்காடாகி ஒட்டாது.

6. ஆறியதை மீனோடு சேர்த்து, தேங்காய், மிளகு சோம்புப் பொடி, கொத்தமல்லி, முட்டை, பொட்டுக்கடலை மாவு போட்டுக் கலந்து பிசையுங்கள். அரை மணி நேரம் குளிர்ச்சியில் மூடி வையுங்கள். மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு இறுகும்.

7. முதலில் ஒரே ஒரு உருண்டையை வேகவைத்துப் பாருங்கள். பிரிந்தால் இன்னும் ஒரு கரண்டி பொட்டுக்கடலை மாவு சேருங்கள். சப்பென்று இருந்தால் மிளகு கூட்டுங்கள். உப்பு ஜாடி பக்கம் கை போக வேண்டாம்.

8. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சிறிய எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, இட்லிப் பானையில் 10 முதல் 12 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் நடுவில் பச்சை நிறம் இல்லாமல் வெள்ளையாக இருக்க வேண்டும்.

9. குழிப்பணியாரச் சட்டியில் குழிக்கு அரை டீஸ்பூன் எண்ணெய் விட்டு, உருண்டைகளைத் திருப்பித் திருப்பிப் பொன்னிறமாக எடுங்கள். இந்த முறுகல் வாசனைதான் பாதி ருசி.

10. சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்து, பச்சை வெங்காயத்தோடு கொடுங்கள். நாக்கில் முதலில் படும் புளிப்பு, உப்பு இல்லாத குறையை மறைத்துவிடும்.

குழம்பில் போட விரும்பினால் ஆவியில் வெந்த உருண்டையைக் கடைசி ஐந்து நிமிடம் போட்டால் போதும். உருண்டையில் குறைத்துவிட்டுக் குழம்பில் கூட்டினால் செய்த வேலை வீண். குழம்பிலும் உப்பை அளந்தே போடுங்கள்.

கணக்குப் பார்ப்போமா?

குழுவில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் நாம். இதையும் எழுதிப் பார்ப்போம்.

கால் டீஸ்பூன் உப்பில் சுமார் 600 மில்லிகிராம் சோடியம். மீன், இறால், முட்டையில் இயற்கையாகவே இருப்பது ஏறக்குறைய 500. மொத்தம் 1100. இதை 24 ஆல் வகுத்தால் உருண்டைக்குச் சுமார் 45 மில்லிகிராம். நான்கு உருண்டை சாப்பிட்டால் 180. ஒரு நாள் அளவான 2000-ல் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதே அளவு மாவுக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்பு போட்டிருந்தால்? உப்பில் மட்டும் 3600. மொத்தம் 4100. நான்கு உருண்டையில் 680-க்கு மேல். அதாவது பலகாரத்திலேயே ஒரு நாள் அளவில் மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிட்டது. சோறும் குழம்பும் இன்னும் இருக்கிறது!

ஒளிந்திருக்கும் உப்பு

நாம் கையால் போடுவது மட்டுமா உப்பு? ஆப்பசோடா, அஜினமோட்டோ, சோயா சாஸ் எல்லாவற்றிலும் சோடியம் உண்டு. ஆப்பசோடா உப்புக் கரிக்காது, ஆனால் ஒரு டீஸ்பூனில் 1200 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. உருண்டை மெத்தென்று வர அது தேவையில்லை, முட்டை போதும். கடையில் வாங்கும் மீன் வறுவல் மசாலா, இஞ்சி பூண்டு விழுது பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படியுங்கள். பலவற்றில் உப்பு சேர்த்திருப்பார்கள். எழுதப் படிக்கச் சிரமமானால் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். கருவாடு, ஊறுகாய், அப்பளம், வடகம் ஆகியவை உப்பிலேயே ஊறியவை. உருண்டை செய்யும் நாளில் அவற்றுக்கு விடுமுறை கொடுங்கள்.

சகோதரிகள் கேட்டவை

"வெயிலில் வேலை செய்கிறோம். உப்பு போதாமல் போகாதா?"

வியர்வையில் உப்பு போவது உண்மைதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் ஏற்கெனவே தேவைக்கு மேல் சாப்பிடுகிறோம். வேலை நேரத்தில் தண்ணீர் நிறையக் குடியுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்தால் அது வேறு விஷயம். உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்கத்தான் வேண்டும்.

"சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே?"

அதில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருக்கும். வீட்டில் சாதாரண உப்புக்குப் பதில் இதைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் கூறியது. ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் சொல்லியிருக்கிறது. சில பி.பி. மாத்திரைகளோடு சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் அளவுக்கு மீறிக் கூடும். டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். இந்த உருண்டைக்கு அது தேவையும் இல்லை.

"கல் உப்புக்கு மாறினால் போதுமா?"

போதாது. கல் உப்பானாலும் பொடி உப்பானாலும் சோடியம் சோடியம்தான். அயோடின் கலந்த உப்பையே வாங்குங்கள், அளவை மட்டும் குறையுங்கள்.

"உப்பைக் குறைத்துவிட்டால் மாத்திரையை நிறுத்தலாமா?"

கூடவே கூடாது. நிறுத்துவதும் குறைப்பதும் டாக்டர் சொன்ன பிறகுதான். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பி.பி. பார்த்து மாத்திரை கொடுத்த தன்னார்வலர்களில் நம் மகளிர் குழுப் பெண்களும் உண்டு. பரிசோதனை செய்துகொள்ள வெட்கமோ தயக்கமோ வேண்டாம்.

"இதைச் செய்து விற்கலாமா?"

விற்கலாம். ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஐஸ் வசதி இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்க வேண்டாம். ஆய்வகத்தில் சோதிக்காமல் "சோடியம் குறைந்தது" என்று பாக்கெட்டில் அச்சிடவும் கூடாது. முதலில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்து கை பழகட்டும்.

இந்த மாத வேலை

உங்கள் வீட்டில் புது உப்புப் பாக்கெட் பிரிக்கும் அன்று, அதன் மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். பெரியவர்கள் ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் நாளைக்கு 25 கிராம். ஒரு கிலோ 40 நாள் வர வேண்டும். ஊறுகாய், கருவாடு, கடைப் பலகாரம் வேறு இருப்பதால் அதற்கு மேலேயே வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாளில் தீர்கிறது என்று அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். 20 நாளில் தீர்ந்தால் யாரும் திட்டப் போவதில்லை. ஒரே நாளில் பாதியாக்கவும் வேண்டாம். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

அந்தச் சகோதரி இப்போது மாத்திரை சாப்பிடுகிறார். தனிச் சட்டி போய்விட்டது. வீட்டுக்கு ஒரே சட்டிதான், அளந்து போட்ட உப்புதான். மூன்றாவது முறை செய்த உருண்டையை வீட்டுக்கு எடுத்துப் போய், எதுவும் சொல்லாமல் வைத்தாராம். மாமியார் இரண்டு சாப்பிட்டுவிட்டு, "மிளகு தூக்கலா இருக்கு. நல்லாயிருக்கு" என்றாராம். உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டோம்.

"எனக்கும் நாலு எடுத்து வெச்சிட்டுத்தான்க்கா பரிமாறினேன்" என்றார்.

அப்படியே நீங்களும் உங்களுக்கு நான்கு எடுத்து வையுங்கள், சகோதரிகளே.